முகத்தைத் தொடும் கை

"முகத்துல கை வச்சிருக்கும்போதே கேப்பாங்கக்கா" என்றாள் அந்தத் தங்கை. "கண்ணை மூடிப் படுத்திருப்பாங்க. கிளென்சிங் முடிஞ்சு மசாஜ் ஆரம்பிச்சதும், 'உனக்கு எந்த ஊரும்மா?'ன்னு வரும். விழுப்புரம் பக்கம்னு சொல்லுவேன். 'அங்க எந்த ஊரு?'ம்பாங்க. ஊர் பேரச் சொல்லுவேன். 'ஊர்லயா, காலனியா?'ன்னு அடுத்தது வரும். பேக் போட்டுட்டா வாயைத் திறக்க முடியாதுல்ல, அதான் அதுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சிடுவாங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நீ என்ன சொல்வே?" என்று கேட்டேன். தன்னோடு பத்தாவது படித்த தோழியின் தெருப் பெயரைச் சொல்வாளாம். அந்தத் தெருவின் கோயில், திருவிழா, குலதெய்வம் எல்லாம் மனப்பாடம். யாராவது மேற்கொண்டு கேட்டால் தடுமாறக் கூடாதல்லவா?

அன்று கூடியிருந்தவர்கள் ஏழு பெண்கள். அரசுத் திட்டத்தின் வழியாகவோ கடன் வாங்கிப் பணம் கட்டியோ அழகுக்கலைப் பயிற்சி முடித்து, சென்னைப் புறநகரின் பார்லர்களிலும் ஸ்பாக்களிலும் சருமப் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள். ஆறு பேர் தலித் பெண்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றிப் பேசத்தான் நான் போயிருந்தேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாருடைய கை யாருடைய முகத்தைத் தொடலாம் என்பதற்கு இந்த மண்ணில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்தத் தங்கை ஒவ்வொரு ஃபேஷியலின்போதும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது அந்த வரலாற்றுக்குத்தான். சமூகவியல் வகுப்பில் 'தூய்மை, தீட்டு' என்று பக்கம் பக்கமாகப் படித்தவள் நான். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றது அதைவிட அதிகம்.

முதலில் ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். அரசியலமைப்புச் சட்டம் நம்மை 'குடிமக்கள்' என்கிறது. பல கிராமங்களில் இன்றும் பெரியவர்களிடம் 'குடிமகன்' என்று சொன்னால் அவர்கள் நினைவுக்கு வருவது நாவிதர்தான். ஊருக்குச் சவரம் செய்யக் கடமைப்பட்டவர். அவருக்கும் வண்ணாருக்கும் அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல்லுக்குச் சில ஊர்களில் 'சுதந்திரம்' என்று பெயர். குடிமகன், சுதந்திரம் என்ற இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு ஒரு சாதிக்கு அடிமைச் சாசனம் எழுத முடிந்த மொழி நம்முடையது.

நாவிதர் வெறும் முடிவெட்டுபவராக மட்டும் இருந்ததில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகள் அவர்களைச் சவரத்தோடு அறுவை வைத்தியமும் செய்பவர்களாகவும், அச்சாதிப் பெண்களைப் பிரசவம் பார்ப்பவர்களாகவும் பதிவு செய்கின்றன. கட்டியைக் கீறிச் சீழ் எடுப்பது, ஆழப் புதைந்த முள்ளை எடுப்பது, புண்ணுக்குக் களிம்பு பூசுவது எல்லாம் அவர்கள் கைவேலை. இன்று பார்லரில் 'ஸ்கின் செக்‌ஷன்' என்று பலகை மாட்டியிருக்கும் அறையில் நடப்பவற்றில் பாதியாவது, உயிருள்ள தோலைப் பார்த்துத் தொட்டுப் புரிந்துகொள்ளும் இந்த அறிவின் தொடர்ச்சிதான்.

இந்த அறிவுக்கு ஊர் கொடுத்த மரியாதை என்ன? சவரம் கொல்லைப்புறத்தில் அல்லது ஆற்றங்கரையில் நடக்கும். ஆதிக்கசாதிக்காரர் நாவிதரிடம் கழுத்தை நீட்டிக் கத்திக்குக் கொடுப்பார். முடிந்ததும் தலையோடு குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டார். உடம்பு கழிக்கிற முடி, நகம், இரத்தம், வியர்வை யாவும் தீட்டு. அவற்றை உண்டாக்கிய உடம்பு தீட்டாகாது. எடுத்துப் போட்டவனின் உடம்புக்கு அது ஒட்டிக்கொள்ளும், அதோடு அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும். செத்த மாட்டின் தோலைத் தொட்டவரைச் சேரிக்குத் தள்ளினார்கள். உயிருள்ள மனிதனின் தோலைத் தொட்டவரை ஊரின் ஓரத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டில்தான் நம் கதை இருக்கிறது.

ஏனென்றால் ஊர் நாவிதர் சேரிக்கு வரமாட்டார். சேரிக்குத் துணி வெளுக்கவும், சவரம் செய்யவும், பிரசவம் பார்க்கவும் புதிரை வண்ணார்கள் இருந்தார்கள். பார்த்தாலே தீட்டு என்று அவர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். தலித்துகளுக்கு உழைத்தார்கள், தலித்துகளாலும் தாழ்த்தப்பட்டார்கள். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலைப் படிக்காத தோழர்கள் படியுங்கள். சேரிக்குள் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கும் ஆரோக்கியத்தைப் பார்த்துவிட்டு, 'சாதி மேலேயிருந்து மட்டும் வருகிறது' என்று நம்மால் சொல்ல முடியாது. அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் படிநிலைச் சமத்துவமின்மை என்றார்.

அண்ணலின் வாழ்க்கையிலேயே இந்தக் கத்தரிக்கோல் வருகிறது. தீண்டாமை அனுபவங்களை அவர் எழுதிவைத்த 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில், சாத்தாராவில் கழிந்த சிறுவயதைச் சொல்லும்போது தன் அக்காவைக் குறிப்பிடுகிறார். சாத்தாராவில் நாவிதர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கூலி கொடுக்க அந்தக் குடும்பத்தில் வசதி இல்லாமலும் இல்லை. தீண்டத்தகாதவனுக்குச் சவரம் செய்ய எந்த நாவிதரும் ஒப்பமாட்டார், அவ்வளவுதான். ஆகவே பிள்ளைகளுக்கு அக்காதான் முடி வெட்டினார். வெட்டி வெட்டியே தேர்ந்த கைக்காரி ஆகிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அத்தையின் ஞாபகம் வந்தது. 90களில் எங்கள் ஊர் சலூனில் எங்கள் தெரு ஆண்களுக்கு முடி வெட்டமாட்டார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை அண்ணன்களைப் பஸ் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போவார். பஸ்ஸுக்குக் காசில்லாத வீட்டுப் பையன்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து அத்தை வெட்டிவிடுவார். அந்த சலூன்காரரைப் பற்றி அப்பா ஒருநாளும் கோபமாகப் பேசியதில்லை. "உங்களுக்கு வெட்டினா ஊர்க்காரங்க யாரும் வரமாட்டாங்கண்ணே, நான் எங்க போவேன்?" என்று அவர் சொன்னாராம். பொய் இல்லை. அவர் கையில் இருந்தது கத்தரி மட்டும்தான். அது யார் தலையைத் தொடலாம் என்ற முடிவு வேறு தெருவில் எடுக்கப்பட்டது.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் பொது இடங்களில் பாகுபாடு கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. 'கடை' என்ற சொல்லுக்குள் சலவைக்கடையும் சவரக்கடையும் அடங்குமா என்று கேள்வி எழுந்தது. கடை என்பதைத் தான் பரந்த பொருளில்தான் பயன்படுத்தியிருப்பதாகவும், தன் சேவையைப் பிறருக்கு அளிக்க முன்வருகிற எவரும் அதில் அடங்குவர் என்றும் அம்பேத்கர் விளக்கினார். அக்காவின் கையால் முடி வெட்டிக்கொண்ட சிறுவன் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக நின்று சொன்ன பதில் அது. இன்றைய 15(2)ஆம் பிரிவு அப்படி வந்தது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் சேவை அளிக்க மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. எங்கள் ஊர் சலூனுக்கு இந்தச் சட்டம் வந்து சேர 50 ஆண்டுகள் பிடித்தன. சில ஊர்களுக்கு இன்னும் பஸ் கிடைக்கவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த குற்றங்களின் பட்டியலையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கட்டாயப்படுத்தித் தலையை மொட்டையடிப்பது, மீசையை எடுப்பது, முகத்திலோ உடம்பிலோ சாயம் பூசுவது. நம் முகத்தைத் தொட மறுத்த சமூகம், அவமானப்படுத்துவதற்கு மட்டும் தயங்காமல் தொட்டது. அதையும் சட்டப் புத்தகத்தில் எழுதவேண்டி வந்தது.

*

சரி, இழிவாக இருந்த தொழில் கௌரவமானது எப்படி?

நாவிதச் சாதியின் கையில் இருந்த அறிவு ஒவ்வொன்றாகப் பிரிந்து போனது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1914இல் வந்தது. செவிலியர், மகப்பேற்று உதவியாளர் சட்டம் 1926இல். சான்றிதழ் இருந்தால் பதிவேட்டில் பெயர் வரும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியிடம் சான்றிதழ் ஏது? புதிய மருத்துவம் பல்லாயிரம் தாய்மார்களின் உயிரைக் காத்தது, அதை நான் மறுக்கவில்லை. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வேலை மாறியது, மாறும்போது மரியாதை எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதைத்தான் கேட்கிறேன். 'மருத்துவர்' என்றால் இன்று ஸ்டெதாஸ்கோப் மாட்டியவர். தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் அதே சொல் இருக்கிறது: மருத்துவர், நாவிதர், மங்கலா, பிராணோபகாரி. பிராணோபகாரி என்றால் உயிருக்கு உதவுபவர். எவ்வளவு பெரிய பெயர்!

மிஞ்சியது முடியும் தோலும். இதில் பெண்களின் முகம் தனிக்கதை. ஆணின் முகத்தை நாவிதர் தொட்டார். பெண்ணின் முகத்துக்கு மஞ்சளும் பயத்தமாவும் பூசியவர்கள் வீட்டுப் பெண்கள். நலங்கு வைப்பதும் உறவுப் பெண்கள்தான். நாவிதரின் கத்தி ஒரு பெண்ணின் தலைக்கு வந்தது என்றால், பார்ப்பனக் குடும்பங்களில் அவள் கைம்பெண் ஆகிவிட்டாள் என்று அர்த்தம். எனவே காசு வாங்கிக்கொண்டு பெண்ணின் முகத்துக்கு அழகு செய்யும் தொழில் இங்கே ஏறக்குறைய புதிதாகத்தான் பிறந்தது. பிறந்த இடம் கவனிக்கத்தக்கது. கல்கத்தாவிலும் சென்னையிலும் தொடக்ககாலப் பார்லர்கள் பலவற்றைச் சீன வம்சாவளிப் பெண்கள் நடத்தினார்கள். அவர்கள் வருணத்துக்கு வெளியே இருந்தவர்கள். 'இவள் என்ன சாதி?' என்று கேட்க இடமில்லாத கை. ஆகவே அந்தக் கையின் முன் முகத்தைக் கொடுப்பதில் மேட்டுக்குடிப் பெண்களுக்குச் சங்கடமும் இல்லை. இன்று ஸ்பாக்களில் மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர்ப் பெண்கள் நிறைய வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பழைய சங்கதி நினைவுக்கு வரும். அந்தக் கையையும் இங்கே யாரும் சாதி கேட்பதில்லை. தெருவில் இறங்கியதும் 'சைனீஸ்' என்று கேலி பேசுவார்கள்.

அழகு பெருந்தொழிலாக வளர்ந்தது இன்னொரு பக்கம். 1952இல் டாடா குழுமம் லக்மேயைத் தொடங்கியது. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம் அது, ஒரு பிரெஞ்சு இசைநாடகத்திலிருந்து எடுத்தது. வெளிநாட்டு வாசனையும் வேண்டும், உள்ளூர் லட்சுமியும் வேண்டும்! 70களின் தொடக்கத்தில் ஷாநாஸ் ஹுசைன் டெல்லியில் தன் வீட்டில் மூலிகை அழகு நிலையத்தைத் திறந்தார். 2000இல் சென்னையில் நேச்சுரல்ஸ் வந்தது. பிறகு தெருவுக்கொரு கிளை. வேலை அதேதான்: அழுக்கெடுப்பது, செத்த தோலை உரித்தெடுப்பது, ரோமம் நீக்குவது, காலைக் கழுவிப் பித்தவெடிப்பைத் தேய்ப்பது. கொல்லைப்புறம் குளிரூட்டிய அறையாகிவிட்டது, நெல் மணி 'பேக்கேஜ்' ஆகிவிட்டது. நாவிதர் இருந்த இடத்தில் 'தெரபிஸ்ட்' வந்துவிட்டார். தொட்டுக்கொண்டவர் குளிக்கவேண்டியதும் இல்லை. முக்கியமாக, கடையின் உரிமையாளர் தொடுவதில்லை. தொடுவதற்கு ஆட்களை வைத்திருக்கிறார். இழிவு போனது கையை விட்டல்ல, முதலாளியை விட்டு.

அந்த ஏழு பேரிடம் கடைக்குள் வேலை எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்தால் பெடிக்யூர், வாக்ஸிங். அதாவது கால், அக்குள். கொஞ்சநாள் கழித்துக் கை, முதுகு. முகத்துக்கு வர ஓராண்டு ஆகலாம், வராமலும் போகலாம். "மூஞ்சி செக்‌ஷனுக்கு கலரா இருக்கிற பொண்ணுங்களத்தான் நிறுத்துவாங்கக்கா. க்ளையண்டுக்கு நம்பிக்கை வரணுமாம்" என்றாள் ஒருத்தி. அவள் நல்ல கறுப்பு. சான்றிதழ் தேர்வில் ஃபேஷியலில்தான் முதல் மதிப்பெண். மூன்று வருடமாகக் கால் கழுவிக்கொண்டிருக்கிறாள். தலையில் ஒருவன், காலில் ஒருவன் என்ற அந்தப் பழைய சூக்தத்தைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். சாதி நிறமல்ல. எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு, அம்பேத்கரே சாதிக்கு இனக் கோட்பாட்டை ஏற்கவில்லை. ஆனால் சந்தையில் விற்கும் நிறத்துக்குச் சாதி உண்டு. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. 45 வருடம் வெளுப்பை விற்றுவிட்டு, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்த 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. பார்லர் விலைப்பட்டியலிலும் 'ஒயிட்டனிங்' மறைந்து 'பிரைட்டனிங்' வந்தது, 'டி-டான்' வந்தது. டான் என்றால் வெயிலில் கறுப்பது. வெயிலில் கறுப்பவர் யார்? நாற்று நடுபவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், ரோட்டுக்குத் தார் ஊற்றுபவர். உழைப்பின் தடயத்தை அழுக்கு என்று பெயரிட்டு, அதை எடுக்க அந்த உழைப்பாளியின் மகளையே நிறுத்திவைத்திருக்கிறது இந்தத் தொழில். ப்ளீச் கலவை வெளுப்பது முகத்து ரோமத்தைத்தான், தோலை அல்ல. அது அவளுக்குத் தெரியும். க்ளையண்டிடம் சொல்லக்கூடாது. அந்தக் கலவையின் நெடி அவள் மூச்சில், எரிச்சல் அவள் விரலிடுக்கில். எனக்குக் காட்டினார்கள். ஏழு பேரில் நான்கு பேர் விரல்களில் தோல் உரிந்திருந்தது. ஊரார் தோலைப் பளபளப்பாக்கும் கைகள்.

*

இந்தத் தொழில் எப்போதும் தலைகுனிந்தே இருந்ததில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, இனிமேல் கைம்பெண்களின் தலையை மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். பின்னால் நின்றது ஜோதிராவ் புலேவின் சத்திய சோதக் இயக்கம், முன்னால் நின்றவர் தொழிற்சங்கத் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே. சட்டமன்றத்தில் பேசிக்கொண்டிருந்த சீர்திருத்தவாதிகளை விடுங்கள். கத்தி பிடித்தவன் கத்தியைக் கீழே வைத்தால் சடங்கு நின்றுவிடும் என்று கண்டுபிடித்தவர்கள் அந்தத் தொழிலாளர்கள். நம் பாடப்புத்தகங்கள் இந்த வேலைநிறுத்தத்துக்கு ஒரு வரி ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

அதே புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் 1946இல் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் வரலாற்றை நம் உறவுக்காரர் கதையாகப் படிக்கும் பழக்கம் நமக்கு அவர்கள் கொடுத்தது. அந்த உரிமையில் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவருமே அழகுக்கலைக்காரிகள்.

முதலாமவர் மேடம் சி. ஜே. வாக்கர். 1867இல் லூசியானாவில் பிறந்தவர், பெற்றோர் அடிமைகளாயிருந்தவர்கள். துணி வெளுத்துப் பிழைத்தார். பிறகு கறுப்பினப் பெண்களின் கூந்தலுக்கும் சருமத்துக்குமான பொருட்களைத் தயாரித்து, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களை அதன் முகவர்களாக்கினார். 1917 கோடையில் கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள்மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. அந்த ஆகஸ்டில் அவருடைய முகவர்கள் பிலடெல்பியாவில் மாநாடு கூடினார்கள். அழகுப் பொருள் விற்பவர்களின் மாநாடு, அதிபர் வில்சனுக்குத் தந்தி அடித்தது: கும்பல் கொலைகளைத் தடுத்து நிறுத்துங்கள். வாக்கர் தன் வாழ்நாளில் தோலை வெளுக்கும் கிரீமை விற்கவில்லை. 1919இல் இறந்தார். அவர் போன பிறகு அந்த நிறுவனம் வெளுப்புக் கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் என்ன தெரியுமா? டான்-ஆஃப். நம்முடைய டி-டானுக்கு அக்கா.

இரண்டாமவர் பெர்னீஸ் ராபின்சன். என் மனதுக்கு இவர்தான் நெருக்கம். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பார்லர் வைத்திருந்தார். அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுச் சோதனை இருந்தது. கறுப்பினத்தவரை வடிகட்டத்தான் அது. எழுத்தறிவு கொடுத்தால் ஓட்டு கிடைக்கும். யார் சொல்லிக்கொடுப்பது? ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் கறுப்பின உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் அரசு ஊழியர்களை வேலையை விட்டு நீக்க மாநிலம் சட்டம் போட்டிருந்தது. ராபின்சனின் உறவினரும் பல்லாண்டு ஆசிரியையுமான செப்டிமா கிளார்க் 1956இல் அப்படித்தான் வேலை இழந்தார். ராபின்சனை யாரும் வேலை நீக்கம் செய்ய முடியாது. கடை அவருடையது. வருகிறவர்கள் கறுப்பினப் பெண்கள். சங்கத்தின் கடிதம் வீட்டுக்கு வந்தால் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தவர்கள், பார்லர் முகவரிக்கு வரவழைத்து அங்கே வந்து வாங்கிக்கொண்டார்கள்.

1957 ஜனவரி 7 அன்று ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளியின் முதல் வகுப்பு தொடங்கியது. படிக்க வந்தவர்கள் 14 பேர். ஆசிரியை ராபின்சன். தான் ஆசிரியை இல்லை என்று அவர் தயங்கினார். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வந்தவர்களை முதலில், என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டார். கையெழுத்துப் போட, பிள்ளை எழுதும் கடிதத்தைப் படிக்க, தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப என்றார்கள். அங்கிருந்து தொடங்கினார். அந்தப் பள்ளிகள் பிறகு தென்மாநிலங்கள் முழுக்கப் பரவின.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "அப்ப நாமளும் கடை வச்சா போதுமாக்கா?" எனக்கு உடனே பதில் வரவில்லை. ராபின்சனின் பலம் அவருடைய நாற்காலி அவருடையது என்பதில் மட்டும் இல்லை. வெள்ளையர் பார்லரில் கறுப்பினப் பெண்ணைத் தொடமாட்டார்கள். அந்தப் பூட்டிய கதவே அவருக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. தீண்டாமை அங்கே தனக்கே தெரியாமல் ஒரு சந்தையை உண்டாக்கிவிட்டது. நம் காலனிகளில் ஃபேஷியலுக்குப் பணம் எங்கே இருக்கிறது? கல்யாணச் சமயம் தவிர்த்து? நம் பெண் கடை வைத்தால் ஊர்த்தெருப் பெண்கள் வந்தால்தான் வாடகை கட்ட முடியும். வாடகைக்கு இடம் கேட்டால் கட்டடக்காரர் கேட்கும் முதல் கேள்வி நமக்குத் தெரியும்.

அடுத்தவர் கடையில் வேலை செய்பவர்களுக்கும் செய்யவேண்டியது இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றது. அந்த ஏழு பேரில் யாருக்கும் இது தெரியாது. பத்து மணி நேரம் நின்றபடியே வேலை செய்கிறார்கள், கடையில் இருக்கும் நாற்காலியெல்லாம் வாடிக்கையாளருக்கு. திருத்தத்தின் நகலை எல்லோருக்கும் வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஒருத்தி மேலாளரிடம் காட்டியிருக்கிறாள். மறுவாரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஒன்றுதான், மாற்றி மாற்றி உட்காருகிறார்களாம்.

தோழியின் தெருப் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருந்தாளே, அந்தத் தங்கை சென்ற ஆண்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாள். கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் கடன். ஊர்த்தெருவில் இடம் கிடைக்கவில்லை. காலனிக்கும் ஊருக்கும் நடுவில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், அவள் மாமாவின் சைக்கிள் கடையாக இருந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டீமர். பலகையில் தன் பெயரையே போட்டிருக்கிறாள். என்ன பெயர் வைக்கலாம் என்று என்னைக் கேட்டாள், நான் நாலைந்து பெயர் அனுப்பினேன், ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் ஃபோன் பண்ணினாள். காலனிப் பெண்கள் வருகிறார்களாம், பெரும்பாலும் த்ரெட்டிங். ஒருநாள் இருட்டிய பிறகு ஊர்த்தெருவிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். மகளுக்கு நிச்சயதார்த்தம்.

"புருவம் மட்டும் பண்ணுன்னாங்கக்கா. ஃபேஷியலும் பண்ணிடட்டுமா, நல்லா இருக்கும்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

த்ரெட்டிங் செய்யும்போது வாடிக்கையாளரே தன் இரண்டு விரல்களால் கண்ணின் மேலும் கீழும் தோலை இழுத்துப் பிடித்துக்கொள்வார். பியூட்டிஷியன் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நூலைத்தான் ஓட்டுவார்.

"அந்தம்மா ரொம்ப டைட்டா புடிச்சிக்கிட்டாங்கக்கா" என்றாள். "என் விரல் படவே இல்ல. ஆனா புருவம் சூப்பரா வந்துச்சு. அடுத்த வாரம் பொண்ணக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்காங்க."